திருகோணமலைக் கடற்கரை விடுதியில் நான்கு நாள் ஓய்வு: முழுமையான வழிகாட்டி

உப்புவெளியில் எங்கள் வீட்டின் மூன்று அறைகளைக் காலையுணவுடன் விருந்தினருக்கு விடத் தொடங்கிய நாளிலிருந்து ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். ஓய்வெடுக்கவென்று வந்தவர்கள், மூன்றாம் நாள் காலையில் விறாந்தைக் கதிரையில் கால் நீட்டி அமர்ந்து, "இப்பதான் அக்கா கொஞ்சம் மூச்சு விடுறம்" என்பார்கள். அன்று பதினொரு மணிக்கு அவர்கள் அறையை ஒப்படைக்க வேண்டியிருக்கும்.

பிழை எங்கே என்று பார்த்தால், அநேகமாக அவர்கள் முடிவுகளை எடுத்த ஒழுங்கில்தான் இருக்கும். விலையைப் பார்த்து அறையைப் பதிவு செய்கிறார்கள். பிறகு லீவு கிடைக்கும் நாளைப் பார்க்கிறார்கள். கடலும் காற்றும் அந்த நாட்களில் எப்படியிருக்கும் என்ற கேள்வி, பை கட்டும்போதுதான் அவர்களுக்கு வருகிறது. கீழே உள்ள படிகளை எழுதியுள்ள வரிசையிலேயே செய்து வந்தால், முதல் நாள் மாலையிலேயே அந்தக் கதிரையில் கால் நீட்டலாம்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

கிழக்குக் கரையின் பருவம் கொழும்புக்கும் காலிக்கும் நேர்மாறானது. ஒக்டோபர் கடைசியில் தொடங்கி ஜனவரி வரை வாடைக்காற்றோடு மழை வரும். அந்த மாதங்களில் கடல் கரையை அறுக்கும், படகுகளைக் கரையில் ஏற்றி வைத்திருப்பார்கள், அறை வாடகை பாதியாகக் குறைந்தாலும் நீங்கள் பார்க்கப்போவது சாம்பல் நிற அலையைத்தான். மழையைப் பார்த்துக்கொண்டே புத்தகம் வாசிக்க விரும்புகிறவர்களுக்கு அதுவும் ஓர் ஓய்வு. குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அல்ல.

மே முதல் செப்டெம்பர் வரை காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கரையோரக் கடல் குளம்போலக் கிடக்கும். இதுதான் எல்லோரும் வரும் காலம். ஆனால் அதே காற்று மலைநாட்டைத் தாண்டி ஈரத்தை இழந்து இறங்குவதால், பிற்பகலில் அனல்போல அடிக்கும். இதைத்தான் நாங்கள் கச்சான் என்கிறோம். நிலக்கடலைக்கும் எங்கள் ஊரில் அதுவே பெயர் என்பதால், டச் பே கடற்கரையில் மாலையில் கச்சான் வாங்கிக் கொறித்துக்கொண்டே கச்சானைத் திட்டுவது இங்கே வழக்கம்.

என்னைக் கேட்டால் மார்ச் மாதத்தைச் சொல்வேன். கடல் அடங்கியிருக்கும், மாரி மழையின் பசுமை முற்றாகக் காய்ந்திருக்காது, கூட்டமும் குறைவு. திமிங்கிலம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வருகிறவர்கள் மட்டும் மே மாதத்துக்குப் பிறகு வருவது நல்லது.

மாதத்தை முடிவு செய்த பின் கிழமையைப் பாருங்கள். போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை நாளோடு சேர்ந்து வரும் நீண்ட வார இறுதிகளிலும் ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையிலும் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் வான் வண்டிகளில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஞாயிறு மாலை வந்து வியாழன் காலை போகிறவர்களுக்கு அதே அறை, அதே கடல், ஆனால் பாதிச் சத்தம்.

எத்தனை இரவு என்பதையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். வரும் நாள் பயணக் களைப்பிலும் போகும் நாள் பை கட்டுவதிலும் போய்விடும். இரண்டு இரவு தங்கினால் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு முழு நாள்தான். நான்கு இரவு இல்லாவிட்டாலும் குறைந்தது மூன்று இரவு வேண்டும்.

2. ஊருக்குள்ளா, உப்புவெளியா, நிலாவெளியா?

ஊருக்குள் தங்கினால் கோணேசர் கோயிலும் சந்தையும் பஸ் நிலையமும் கிட்ட. ஆனால் விடியற்காலையிலேயே வீதிச் சத்தம் எழுப்பிவிடும். கோயில் தரிசனத்துக்காக வரும் வயதானவர்களுக்கு இதுவே வசதி.

உப்புவெளி நகரிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீற்றர். சிறிய விடுதிகளும் சாப்பாட்டுக் கடைகளும் நடந்து போகும் தூரத்தில் உள்ளன. நிலாவெளி சுமார் 15 கிலோமீற்றர் வடக்கே, சாம்பல்தீவுப் பாலத்தைத் தாண்டி இருக்கிறது. அங்கே கரை நீளமானது, ஆள் நடமாட்டம் குறைவு, புறாமலைத் தீவுக்குப் போகும் படகுகளும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு வெளியே போக நினைத்தால் பெரும்பாலும் ஓட்டோ பிடிக்க வேண்டும். ஆகவே நிலாவெளியில் இரவுணவும் சமைத்துத் தரும் வீடாகப் பாருங்கள்.

இங்கே இரண்டு பிழைகளைக் காண்கிறேன். ஒன்று, விளம்பரத்தில் "திருகோணமலை" என்று போட்டிருப்பதை நம்பிப் பதிவு செய்துவிட்டு, அறை நிலாவெளிக்கும் வடக்கே குச்சவெளிப் பக்கம் இருப்பதை வந்திறங்கிய பிறகு அறிவது. இன்னொன்று, இரண்டு இரவு இங்கே, இரண்டு இரவு அங்கே என்று பிரித்துக்கொள்வது. இடம் மாறும் நாளில் காலை முழுவதும் பை கட்டுவதிலும், நண்பகல் அறை தயாராகும்வரை காத்திருப்பதிலும் போய்விடும். அதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

3. அறையைப் பற்றித் தொலைபேசியில் கேளுங்கள்

படங்களைப் பார்த்து அறை எடுக்காதீர்கள். படத்தில் வெக்கையும் தெரியாது, சத்தமும் கேட்காது. தொலைபேசியில் பத்து நிமிடம் பேசினால் இரண்டும் தெரிந்துவிடும்.

முதற்கேள்வி, அறையின் மேற்குச் சுவர் வெயில் படும் சுவரா என்பது. இந்தக் கேள்வியை என்னிடம் இதுவரை இரண்டே பேர்தான் கேட்டிருக்கிறார்கள், இருவருமே மேசன்மார். கடல் கிழக்கே இருப்பதால் எல்லோரும் கிழக்குப் பார்த்த ஜன்னலைக் கேட்கிறார்கள். ஆனால் இரவில் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது, பிற்பகல் வெயில் முழுவதையும் குடித்து வைத்திருந்து இரவு பத்து மணிவரை அறைக்குள் கக்கும் மேற்குச் சுவர்தான். அந்தப் பக்கம் மாமரமோ வேம்போ, அல்லது இன்னோர் அறையோ இருந்தால் போதும்.

இரண்டாவது, கூரை. கொங்கிறீற் தட்டுக்கு நேர் கீழே உள்ள மேல்மாடி அறையில் கடற்காட்சி நன்றாக இருக்கும். குளிரூட்டி இல்லாவிட்டால் அங்கே நித்திரை வராது. ஓட்டுக் கூரையும் அதன் கீழ் பலகைத் தட்டும் உள்ள அறை, மின்விசிறியோடே போதுமான அளவு ஆறிவிடும். குளிரூட்டி இருந்தாலும், மின்வெட்டு வந்தால் என்ன ஏற்பாடு என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

மூன்றாவது, சத்தம். "அமைதியான இடமா?" என்று கேட்டால் எல்லோரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள், நானும் அதையே சொல்வேன். "பக்கத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறதா, கோயில் திருவிழா நடக்கும் நாட்களா, கடற்கரைக் கடையில் இரவு எத்தனை மணிவரை பாட்டுப் போடுவார்கள்?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். நேரான கேள்விக்குப் பொய் சொல்வது கடினம். எங்கள் குறிச்சியில் அம்மன் கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி அதிகாலையிலேயே பாடத் தொடங்கும். எனக்கு அது பழகிய தாலாட்டு. வெளியூரிலிருந்து தூங்க வந்தவருக்கு அப்படியிருக்காது.

நான்காவது, தண்ணீர். கடலோரக் கிணறுகளில் கோடைகாலத்தில் உவர்ப்பு ஏறும். அந்த நீரில் சவர்க்காரம் நுரைக்காது, குளித்த பிறகும் உடல் பிசுபிசுக்கும். குளிப்பதற்குக் குழாய்நீரா கிணற்று நீரா என்றும், குடிக்க என்ன தருகிறார்கள் என்றும் கேளுங்கள்.

ஐந்தாவது, நுளம்புவலை. ஜன்னல்களுக்குக் கம்பிவலை அடித்திருக்கிறோம் என்பார்கள். அதோடு கட்டிலுக்கும் வலை வேண்டும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. நீங்கள் மத்தியானம் தூங்கப் போகிறீர்கள் என்பதால் இது முக்கியம்.

கடைசியாக, வீட்டுக்காரர் அந்த வளவிலேயே இருக்கிறாரா என்று கேளுங்கள். திறப்பை ஒரு பையனிடம் கொடுத்துவிட்டு உரிமையாளர் வேறூரில் இருக்கும் வீடுகளில், தண்ணீர்த் தொட்டி வற்றினால் நீங்கள்தான் மோட்டர் சுவிட்சைத் தேட வேண்டியிருக்கும். நானே ஒருமுறை, வேறோர் ஊரில், அப்படியான விடுதியொன்றில் தலையில் சவர்க்கார நுரையோடு அரை மணி நேரம் நின்றிருக்கிறேன்.

4. பதிவு செய்யும்போது வரும் நேரத்தைச் சொல்லுங்கள்

சிறிய வீட்டு விடுதிகளில் அறைகள் இரண்டு அல்லது மூன்றுதான். முந்திய விருந்தினர் பதினொரு மணிக்குப் போனால், விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, தரை காய்வதற்குள் ஒரு மணி ஆகிவிடும். இரவுப் பயணம் செய்து விடிய வந்து சேர்கிறவர்கள் இதை நினைப்பதே இல்லை.

ஒரு குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து இரவு வான் வண்டியில் புறப்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் காலை நாலரை மணிக்கு எங்கள் கேற்றைத் தட்டியது. மூன்று அறைகளிலும் ஆட்கள். தாயும் இரண்டு பிள்ளைகளும் எங்கள் வரவேற்பறையில் பாய் விரித்துப் படுத்தார்கள், தகப்பன் விறாந்தையில் இருந்தபடியே தூங்கிவிட்டார். ஒரு மணிக்கு அறை கிடைத்தபோது பிள்ளைகளுக்குத் தூக்கம் போய் அழுகை வந்திருந்தது. முதல் நாள் அப்படியே முடிந்தது.

விடிய வந்து சேர்வதாயிருந்தால், முந்திய இரவுக்கும் சேர்த்து அறையை எடுங்கள், அல்லது பாதி வாடகைக்கு முன்கூட்டியே திறந்து தருவார்களா என்று பேசிக்கொள்ளுங்கள். வீண் செலவாகத் தோன்றும்; ஒரு முழு நாளைக் காப்பாற்றும் செலவு அது.

வாடகையில் காலையுணவு சேர்ந்திருக்கிறதா, எத்தனை பேருக்கு, மேலதிகக் கட்டிலுக்கு எவ்வளவு என்பதையும் முன்பணம் அனுப்புவதற்கு முன் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். ஒரு குறுஞ்செய்தி போதும்.

5. பயணத்தைப் பகலில் வையுங்கள்

கொழும்பிலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாக வரும் வீதி ஏறத்தாழ 260 கிலோமீற்றர். தரிப்புகளோடு ஆறு ஏழு மணி நேரம் எடுக்கும். காலையில் ஐந்து மணிக்குப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வந்துவிடலாம். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையே இருட்டியபின் யானைகள் வீதியைக் கடக்கும். பகலில் வரச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

கொழும்புக் கோட்டையிலிருந்து கல்லோயாச் சந்தி வழியாக வரும் இரவுப் புகையிரதத்தைப் பலர் விரும்புகிறார்கள். அது விடியற்காலையில் இறக்கிவிடும் என்பதால், நான்காம் படியில் சொன்ன அறை ஏற்பாடு அவசியம். மழையாலும் பாதை வேலையாலும் சேவை மாறக்கூடியது. முன்பதிவு செய்யும்போதே அந்த நாளில் ஓடுகிறதா என்று நிலையத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறவர்கள் வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக வரலாம். மட்டக்களப்பிலிருந்து வருவது இப்போது எளிது. மூதூர், கிண்ணியாப் பக்கம் முன்பு படகுப் பாதைக்குக் காத்திருந்த இடங்களிலெல்லாம் பாலங்கள் வந்துவிட்டன.

6. பையில் என்ன இருக்க வேண்டும்

குறைவாக இருக்க வேண்டும். பருத்தி உடைகள், கடலுக்குப் போக ஒரு பழைய துவாய், தொப்பி, நடக்கும்போது கழன்றுவிடாத இறப்பர்ச் செருப்பு, வழக்கமான மருந்துகள், நுளம்புக்குப் பூசும் களிம்பு. அடையாள அட்டையை மறக்க வேண்டாம். விடுதிப் பதிவேட்டில் இலக்கம் எழுத வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் எம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தேசியப் பூங்காக்களில் உள்நாட்டவருக்கும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையவருக்கும் கட்டணம் பெரிதும் வேறுபடும். தமிழில் பேசினால் உள்ளூர்க் கட்டணம் கிடைக்கும் என்று நினைத்துப் போய் வாதாடிக் களைத்தவர்கள் உண்டு. இரட்டைக் குடியுரிமை இருந்தால் அதற்கான ஆவணத்தைக் கையில் வைத்திருங்கள்; இல்லாவிட்டால் கணக்கில் சேர்த்துக்கொண்டே வாருங்கள்.

7. முதல் நாளில் எங்கும் போகாதீர்கள்

இந்தப் படியைத்தான் யாரும் கேட்பதில்லை. பையை வைத்தவுடன் ஓட்டோ கேட்பார்கள். முதல் நாள் மாலையில் செய்ய வேண்டியவை மூன்றே: குளிப்பது, கடற்கரைவரை நடந்து போய் வழியைத் தெரிந்துகொள்வது, காலையுணவைச் சொல்லி வைப்பது.

காலையுணவை முந்திய இரவே சொல்ல வேண்டியதற்குக் காரணம் உண்டு. இடியப்பம் என்றால் நான் ஐந்தரைக்கு மாக் குழைக்க வேண்டும். கொதிநீரை ஊற்றி அகப்பைக் காம்பால் கிண்டி, கை பொறுக்கும் சூட்டில் உரலில் இட்டுத் தட்டுத் தட்டாகப் பிழிந்து அவித்து எடுக்கும்போது, பக்கத்து அடுப்பில் சொதி திரையாமல் கிண்டியபடி நிற்க வேண்டும். புட்டு என்றால் தேங்காய் கூடுதலாகத் திருவ வேண்டும். தோசை என்றால் உளுந்தை முதல் நாள் பகலிலேயே ஊறப் போட வேண்டும். இரவு ஒன்பது மணிக்குத் தோசை கேட்பவருக்கு நாளை மறுநாள்தான் தோசை. அப்பத்துக்கும் அதே கதை.

எதுவும் சொல்லாவிட்டால் பாணும் முட்டையும் பட்டரும் வரும். அது வீட்டுக்காரரின் சோம்பல் என்று எண்ண வேண்டாம். விருந்தினர் என்ன சாப்பிடுவார் என்று தெரியாதபோது எந்த வீட்டிலும் அதுதான் வரும். உறைப்பு எவ்வளவு, மீன் உண்டா, சைவமா, விரத நாளா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைப்பதில்லை. பல வீடுகளில் இப்படி ஒரு வழக்கம் இருக்கும், கேட்டால் சொல்வார்கள்.

8. நாளை மூன்றாகப் பிரியுங்கள்

காலை ஐந்தே முக்காலுக்கு எழும்புங்கள். லீவில் யார் எழும்புவார் என்று கேட்பீர்கள். கிழக்குக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவது ஆறு மணியளவில். அதன்பின் எட்டு எட்டரைவரைதான் மணலில் வெறுங்காலோடு சுகமாக நிற்கலாம். கரைவலை இழுக்கும் நாளாயிருந்தால், இரண்டு கயிறுகளிலும் ஆட்கள் வரிசையாக நின்று பின்னோக்கி நடப்பதையும், வலையின் மடி கரைக்கு வரும்போது காகங்களும் நாய்களும் பெண்களும் ஒரே வேகத்தில் கூடுவதையும் பார்க்கலாம். படம் எடுப்பதானால் தள்ளி நின்று எடுங்கள்; கயிற்றைத் தாண்டிக் குறுக்கே நடக்காதீர்கள். இழுப்பவர் பின்னால் பார்ப்பதில்லை.

குளித்துவிட்டு வந்து எட்டரைக்குச் சாப்பிடுங்கள். பசியோடு இருக்கும்போது இடியப்பமும் சம்பலும் எப்படி இறங்கும் என்பது, அறையிலிருந்து நேரே மேசைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது.

பதினொரு மணியிலிருந்து நாலு மணிவரை வீட்டை விட்டு வெளியேறாதீர்கள். இந்த ஐந்து மணி நேரந்தான் ஓய்வு. மற்றதெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் உள்ள அலங்காரம். எங்கள் ஊரில் மீன்காரரும் வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுவார்கள், கடைக்காரர்கூட மேசையில் தலை சாய்க்கும் நேரம் அது. கடல் பக்க ஜன்னலைத் திறந்து, மேற்குப் பக்க ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டு, சோறு சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள். தொலைபேசியை வேறோர் அறையில் மின்னேற்றப் போடுவது உதவும்.

மாலை நாலரைக்குப் பிறகு மூன்றாம் பகுதி. கடற்கரையில் அப்போது நிழல் விழத் தொடங்கும். சூரியன் மறைவது உங்கள் முதுகுக்குப் பின்னால், பனைகளுக்கு அப்பால். ஏழு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

9. கடலில் இறங்குமுன்

கடல் குளம்போல இருக்கும் நாளில்தான் ஒரு தனி ஆபத்து உண்டு. கச்சான் வீசும்போது காற்று கரையிலிருந்து வெளியே தள்ளும். காற்றடைத்த மெத்தையிலோ வளையத்திலோ பிள்ளையை இருத்தினால், அலையே இல்லாத நீரில் அது சத்தமின்றி வெளிக்கடலை நோக்கிப் போகும். பின்னால் நீந்திப் பிடிப்பது பெரியவருக்கும் கடினம். ஆகவே அந்த மாதங்களில் மிதவைப் பொருட்களை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். வாடை மாதங்களில் இதற்கு மறுபுறமான ஆபத்து. அலை உடைந்து திரும்பும் இழுவை பலமாக இருக்கும், முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள்.

சொறிமுட்டை (ஜெலி மீன்) தென்படும் நாட்களும் உண்டு. இறங்குமுன் கரையில் நிற்கும் மீனவர் ஒருவரைக் கேளுங்கள். "இண்டைக்குச் சொறி கிடக்கு" என்றால் மறுபேச்சில்லாமல் திரும்புங்கள்.

10. ஒரு நாளுக்கு ஒரே ஒரு வெளிப்பயணம்

காலையில் புறாமலை, அங்கிருந்தே கன்னியா, மாலையில் கோணேசர், இடையில் சந்தை என்று ஒரே நாளில் முடித்தவர்களை ஏற்றிப் போன ஓட்டோத் தம்பி, அன்று இரவு என்னிடம் வந்து, "அக்கா, எனக்கே தலை சுத்துது" என்றார். ஒவ்வோர் இடத்துக்கும் அதற்குரிய நேரம் உண்டு. எல்லாமே காலையில் அல்லது மாலையில்தான் நல்லவை என்பதால், ஒரே நாளில் இரண்டைச் செய்தால் ஒன்று உச்சி வெயிலில் விழும்.

புறாமலை: கரையிலிருந்து சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் உள்ள சிறு தீவு இது, 2003 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. முதல் படகுகளில் போய்விடுங்கள். கூட்டம் வந்தபின் நீருக்கடியில் மணல் கலங்கி எதுவும் தெரியாது. நுழைவுச்சீட்டுக் கட்டணம் வேறு, படகுக் கூலி வேறு. கூலி படகுக்கா ஆளுக்கா, எத்தனை மணிக்குத் திரும்ப ஏற்றுவார்கள் என்பதை ஏறுமுன் பேசி முடியுங்கள். முருகைக்கல்லின்மேல் (பவளப்பாறை) கால் வைக்காதீர்கள். அது உயிருள்ளது, உங்கள் பாரத்தில் உடையும். உங்கள் காலையும் வெட்டும், அந்தக் காயம் எளிதில் ஆறாது. எங்கள் வீட்டில் தங்கிய ஓர் இளைஞர் இரண்டாம் நாளே பாதத்தை வெட்டிக்கொண்டு, மிச்ச நாட்களைக் காலைக் கதிரையில் தூக்கி வைத்தபடி கழித்தார். கருநுனிச் சுறாக்கள் ஆழங்குறைந்த நீரில் வரும். துரத்தாமல் விட்டால் தம்பாட்டில் போகும். நீந்தத் தெரிந்தாலும் உயிர்காப்பு அங்கியை அணியுங்கள்.

கோணேசர் கோயில்: மாலை நாலரைக்குப் பிறகு போங்கள். பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து ஏறும் வழியில் புள்ளிமான்கள் நிற்கும். அவற்றுக்குப் பிஸ்கற்றோ பொலித்தீன் பையில் எதையுமோ கொடுக்காதீர்கள். மேலே செருப்பைக் கழற்ற வேண்டும். நண்பகலில் போகிறவர்கள் கருங்கல்லில் கால் சுட்டுத் துள்ளிக்கொண்டே சாமி கும்பிடுவதைப் பார்க்கலாம். பூசை முடிந்தபின் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவின் பக்கம் நின்று கீழே கடலைப் பாருங்கள். பிள்ளைகளின் கையை விட வேண்டாம்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகள்: நகரிலிருந்து 8 கிலோமீற்றர் அளவில், அநுராதபுர வீதியிலிருந்து சற்று உள்ளே உள்ளன. ஏழு சிறிய சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு சற்றே வேறு. இறங்கிக் குளிப்பதற்கல்ல, வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்வதற்கு. வெந்நீர் என்பதால் விடியற்காலைதான் பொருத்தம். வெயிலில் போய் வெந்நீர் ஊற்றுவது என்ன சுகம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இறந்தவர்களுக்கான கிரியைக்காக வரும் குடும்பங்களும் அங்கே இருக்கலாம் என்பதை மனதில் வைத்துச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

திமிங்கிலம்: விடியவே புறப்பட்டு, திறந்த படகில் பல மணி நேரம் வெயிலில் இருக்க வேண்டும், தென்படும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஓய்வுக்காக வருகிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. போவதென்றால், அடுத்த நாளில் எதையும் வைக்காதீர்கள்.

நான்கு இரவுத் தங்கலில் இவற்றுள் இரண்டு போதும். மிச்சத்தை அடுத்த முறைக்கு விடுங்கள். விட்டுப் போகிறவர்கள்தான் திரும்பி வருகிறார்கள் என்பதை எங்கள் பதிவேட்டில் காண்கிறேன்.

11. புறப்படும் நாள்

கணக்கை முந்திய இரவே முடித்துவிடுங்கள். காலையில் முடிப்பதானால் சில்லறையும் அவசரமும் சேர்ந்து கடைசிச் சாப்பாட்டைக் கெடுக்கும். இரவுணவு, துணி கழுவல், ஓட்டோ என்று தனித்தனியே எழுதியிருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்துக் கேட்பதில் தவறில்லை. பல சிறு விடுதிகளில் அட்டை எடுப்பதில்லை என்பதால் காசை முன்னதாக நகரில் எடுத்து வையுங்கள்.

கடைசிக் காலையில் கடலுக்குப் போகும் உடுப்பை வேறோர் உடுப்போடு சேர்க்காதீர்கள். ஈர உப்புத் துணி ஆறு மணி நேரப் பயணத்தில் பை முழுவதையும் நாற வைக்கும். ஏழு மணிக்குள் குளித்து, துணியை அலசி, முற்றத்துக் கொடியில் வெயில் படும் பக்கமாக விரித்துவிட்டுச் சாப்பிட வந்தால், நீங்கள் பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் கச்சான் காற்று அதைக் காய வைத்திருக்கும். கொடியைப் பார்க்காமல் கேற்றைத் தாண்டாதீர்கள். என் அலுமாரியில் உரிமையாளர் இல்லாத துவாய்கள் பதினொன்று இருக்கின்றன.